கிணறு ஆழப்படுத்தும்போது பாதுகாப்பு யார் பொறுப்பு?

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் கோவை, சேலம், நாமக்கல் போன்ற பாறைப்பாங்கான மாவட்டங்களில் கிணறுகளை ஆழப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். தோட்டக்காரர், ஒப்பந்த மேஸ்திரி, கிரேன் ஓட்டுநர், வெடி வைப்பவர், உள்ளே இறங்கும் ஆட்கள் என்று பலர் இதில் சேருகிறார்கள். அடிக்கு இவ்வளவு கூலி என்று பேசி முடிப்பவர்கள், கிரேனின் இரும்புக் கயிற்றைச் சோதிப்பது யார் என்று பேசுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் கயிறு அறுந்து, மண் கூடை விழுந்து, ஒருவருக்குக் கால் முறிந்தது. கயிறு பிரி விட்டிருந்ததை மேலே நின்ற அனைவருமே பார்த்திருந்தனர். மேஸ்திரி மாற்றுவார் என்று தோட்டக்காரர் இருந்தார்; அது கிரேன்காரர் வேலை என்றார் மேஸ்திரி; கிரேன்காரரோ வாரக் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தார். கீழே இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே வேலை தொடங்குமுன் பொறுப்புகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் கயிறு, கொக்கி, பிரேக் ஆகியவற்றை ஓட்டுநரும் மேஸ்திரியும் சேர்ந்து பார்க்க வேண்டும். கம்பிகள் முள்போல் நீட்டிக் கொண்டிருந்தால் அந்தக் கயிறு ஆகாது. அதை மாற்றும் செலவு யாருடையது என்பதைக் கூலி பேசும்போதே முடிவு செய்வது நலம். கூடை ஏறி இறங்கும்போது கீழே உள்ளவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும்.

வெடி வைப்பவர் உரிமம் பெற்றவர்தானா என்று பார்ப்பது தோட்டக்காரரின் கடமை. பழைய துளையின் அடியில் வெடிக்காத மருந்து தங்கியிருக்கலாம்; அதே துளையில் மீண்டும் துளையிடவே கூடாது.

விஷவாயுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. பிராணவாயு மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் டீசல் என்ஜின் புகையிலும் வெடிப் புகையிலும் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எனவே கிணற்றுக்குள் என்ஜின் ஓட்டக்கூடாது. வெடித்தபின் காற்றூதி அல்லது கம்ப்ரஸர் குழாய் மூலம் நல்ல காற்றைச் செலுத்தி, புகை முழுவதும் வெளியேறியபின்பே இறங்கலாம். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் இந்தக் கயிற்றால்தான் தூக்க வேண்டும். காப்பாற்றப் போய் அடுத்தடுத்து இறங்கியவர்களும் மாண்டது பல ஊர்களில் நடந்திருக்கிறது. உடனே தீயணைப்பு நிலையத்தை 101 எண்ணில் அழைக்கவும்.

கிணறு வெட்டுவோரும் தூர் எடுப்போரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆட்களை அழைக்கும்போதே அட்டை இருக்கிறதா என்று தோட்டக்காரர் கேட்கட்டும்.