இரும்பும் துருவும் – 9: ஆசிட் தொட்டியில் வேப்பிலை

கால்வனைசிங் பட்டறையில் தகடோ குழாயோ உருக்கிய துத்தநாகத்தில் முங்குவதற்கு முன் ஆசிட் தொட்டியில் இறங்கி எழ வேண்டும். உருட்டாலைச் சூட்டில் படிந்த கறுப்புச் செதிலும், வெட்டவெளியில் கிடந்து ஏறிய துருவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துபோகும். ‘பிக்லிங்’ என்பார்கள். ஆனால் செதில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கரையாது. ஒரு மூலையில் இரும்பு பளிச்சென்று தெரியும்போது மறுமூலை கறுப்பாகவே இருக்கும். அதற்குள் அமிலம் வெளிப்பட்ட இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். அமிலமும் வீண், இரும்பும் வீண். கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அமிலத் திவலைகளை அள்ளிவந்து தொட்டியோரம் நிற்பவரை இருமவைக்கும். அதே ஹைட்ரஜனில் கொஞ்சம் உள்ளே புகுந்துவிட்டால் உறுதியான எஃகுகூட முறிந்துபோகும்.

அதனால்தான் தொட்டியில் கொஞ்சம் ‘இன்ஹிபிட்டர்’ ஊற்றுகிறார்கள். துருவைக் கரையவிட்டு இரும்பை மட்டும் காக்கும் சரக்கு அது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தவிடு, வஜ்ஜிரம், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இதற்குப் பயன்படுத்தினார்கள். பிறகு தயோயூரியா, புரோபார்ஜைல் ஆல்கஹால் போன்ற செயற்கைச் சரக்குகள் வந்தன. நன்றாகவே வேலை செய்தன, உடம்புக்குத்தான் ஆகாதவை.

குளிர்விப்புக் கோபுரங்களின் தண்ணீரில் கலந்த குரோமேட்டின் கதை இதைவிட மோசம். ‘எரின் பிராக்கோவிச்’ படம் பார்த்தவர்களுக்கு கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி ஊர் நினைவிருக்கும். பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் தன் எரிவாயு அழுத்த நிலையத்திலிருந்து 1952 முதல் 1966 வரை குரோமியம் கலந்த கழிவுநீரைத் தளம் பாவாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கியது. 1996-இல் 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அந்தக் குரோமியம் அங்கே வந்ததே கோபுரம் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத்தான்.

நச்சில்லாத இன்ஹிபிட்டரைத் தேடும் இந்த இடத்தில்தான் வேப்பிலை வருகிறது. துளசி, மருதாணி, கறிவேப்பிலை, கீழாநெல்லி, முருங்கை என்று நம் கல்லூரி வேதியியல் கூடங்கள் விட்டுவைத்த இலை குறைவு. சோதனை எளிது. சிறிய எஃகுத் தகட்டை எமரித் தாளால் முகம் தெரியும்வரை தேய்த்து, அசிட்டோனில் கழுவி, கிராமில் நான்காம் தசமம் வரை எடை போடுவார்கள். பிறகு நூலில் கட்டி அமிலத்தில் தொங்கவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை. வெறும் அமிலத்தில் 40 மில்லிகிராம் கரைந்த தகடு, இலைச்சாறு கலந்த அமிலத்தில் 4 மில்லிகிராம்தான் கரைந்தது என்றால் பாதுகாப்பு 90 சதவீதம்.

எப்படி? இலையில் இருக்கும் டானின், ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு மூலக்கூறுகளின் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களில் பிணைப்பில் சேராத எலெக்ட்ரான்கள் உண்டு. அவற்றைக் கொண்டு இரும்பின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அமிலம் உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே இவை உட்கார்ந்துவிடுகின்றன. பிடிப்பு பெரும்பாலும் பலவீனமானது. சூடு ஏறினால் துண்டு நழுவிவிடும்.

வில்லங்கம் அந்தச் சூட்டில்தான். ஆய்வுக்கூடத்தில் 30 டிகிரி, சுமார் மூன்றரை சதவீத அமிலம், அன்று காய்ச்சிய சாறு. பட்டறையிலோ அமிலம் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு வீரியம். கரைந்த இரும்பு நாளுக்கு நாள் அதில் சேர்ந்துகொண்டே போகும். கந்தக அமிலத் தொட்டி என்றால் 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். இலைச்சாறோ நாலு நாளில் பூசணம் பிடிக்கும். சித்திரையில் பறித்த இலையின் சத்து கார்த்திகையில் பறித்ததில் அதே அளவு இருக்காது. இன்னொரு வேடிக்கை: ‘பசுமை’ என்று பெயர் வைத்துவிட்டு, சாறு இறக்குவது பல ஆய்வுகளில் நச்சான மெத்தனாலில்.

இதற்காகத் தாவரச் சரக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். டானின் பல காலமாகத் தொழிலில் இருக்கிறது. ரயில் என்ஜின் பாய்லர் தண்ணீரில் கெப்ராச்சோ என்ற தென்னமெரிக்க மரத்தின் டானினைக் கலந்தார்கள். அது நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். துருவின் மேலேயே பூசும் டானிக் அமிலக் கரைசல் இன்றும் கடையில் கிடைக்கிறது; செந்துரு நீலங்கறுப்பாகி இறுகும். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், தண்ணீர் மை போலக் கறுக்கும். அங்கேயும் அதே வேதியியல்தான். டானின் மட்டும் எப்படித் தேறியது? தோல் பதனிடுபவர்களுக்காக அது ஏற்கெனவே மூட்டை மூட்டையாக, ஓரளவு ஒரே தரத்தில் விற்றுக்கொண்டிருந்தது. கெடாத சரக்கு, தட்டுப்பாடும் கிடையாது.

ஆக, எந்த இலை என்பது பெரிய கேள்வியே இல்லை. ஏறக்குறைய எல்லா இலையும் பீக்கரில் தேறிவிடுகிறது. தேறாத இலை இருந்தால்தான் செய்தி. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. தமிழ்நாட்டிலேயே நீலகிரித் தேயிலை ஆலைகளின் கழிவும் பண்ருட்டி முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் இருக்கின்றன. இலை பறிக்க அலைய வேண்டியதில்லை. ஆலையிலேயே குவிந்து கிடக்கும். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆய்வேட்டில் புதிய இலை வேண்டாம். இவற்றில் ஒன்றை எடுத்து, ஏதாவது ஒரு பட்டறைத் தொட்டியில் ஒரு மாதம் ஓடவிட்டு, அந்தக் கணக்கை எழுதுங்கள்.

(தொடரும்)