மலைநாட்டு மின்பிறப்பாக்கியின் காவல்

ஹட்டன், நுவரெலியாப் பிரதேசங்களின் தேயிலைத் தோட்டங்கள் பல, பொது மின்சாரம் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்னரே, தம் எல்லைக்குள் பாயும் ஓடைகளைக் குழாய்வழி இறக்கிச் சிறு நீர்ச்சுழலிகளைச் சுழற்றி, தொழிற்சாலைக்கு வேண்டிய சக்தியைத் தாமே பெற்றுவந்தன. 1918ஆம் ஆண்டிலேயே மலைநாட்டு நீரின் வலிமையை எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் எண்ணம் 1950இல் லக்ஷபான மின்நிலையமாகப் பலித்த பின்னர், காலப்போக்கில் அச்சிறு நீர்ச்சுழலிகளுட் பல கைவிடப்பட்டன. இன்று மின்சாரம் தடைப்பட்டால் டீசல் மின்பிறப்பாக்கியே கைகொடுக்கிறது.

யந்திரம் எதுவாயினும் அதற்குக் காவல் அவசியம். தாங்கும் அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் பாய்ந்தாலும், எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் தாழ்ந்தாலும், ரிலே எனும் கருவி க்ஷணத்தில் அதை உணர்ந்து, மின்சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்தோ எஞ்சினை நிறுத்தியோ பெருநஷ்டத்தைத் தடுக்கிறது. நீர்ச்சுழலியின் அபாயமோ வேறு. பெருமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, சுமை திடீரென நீங்குமாயின், எதிர்ப்பற்ற சுழலி நியமித்த வேகத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கை எட்டிவிடக்கூடும். அதற்கென்று நீரைச் சட்டென அடைத்தலும் தகாது. சரிவில் நெடுந்தூரம் விரைந்திறங்கும் நீர், தடையுண்டதும் பேரழுத்தமாக மாறிக் குழாயையே வெடிக்கச் செய்யும். ஆதலால் பெல்டன் வகைச் சுழலியில் முதலில் ஒரு தகடு குறுக்கிட்டு நீர்த்தாரையைச் சக்கரத்தினின்று விலக்க, வால்வு பின்னரே நிதானமாக மூடுகிறது. இத்துணை எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு அபூர்வம்.

ஆயினும் மலைநாட்டில் நாம் பெரிதும் அஞ்சவேண்டிய பகை மூடுபனியே. ஓடும் யந்திரத்தை அதன் உஷ்ணமே காக்கிறது. வாரக்கணக்கில் சும்மா நிற்கும் யந்திரத்திலோ, செப்புச் சுருள்களில் ஈரம் படிந்து காப்புறை வலுக்குன்ற, அவசரத்தில் கிளப்பிய உடனே சுருள் எரிந்துபோகக்கூடும். இதைத் தடுக்கவே, யந்திரம் நிற்கும்போது மட்டும் கதகதப்பூட்டும் சிறு சூடாக்கி ஒன்றை உள்ளே பொருத்துகிறார்கள். உயரமும் கவனிக்கத் தக்கது: மின்பிறப்பாக்கிகளின் திறன் பொதுவாகக் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் வரைக்கே கணிக்கப்படுவதால், 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில், மெலிந்த காற்று குளிர்விக்கும் ஆற்றல் குறைந்தது என்பதை எண்ணிச் சுமையைக் குறைத்தே ஏற்றவேண்டும்.

யந்திர அறையில் கடமையாற்றும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரோலரில் உருண்ட கொழுந்து புளித்துக் கெடுகிறதே என்ற பதைப்பில், ரிலே நிறுத்திய யந்திரத்தைக் காரணம் அறியாமல் மீண்டும் கிளப்பாதீர்கள்; நெடுநாள் நின்றதாயின், மெகர் வைத்துக் காப்புறையின் தடையை அளந்து பார்த்த பின்னரே ஓட்டுங்கள்.