மகெரெரேக்கு வரும் டாலர்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது மகெரெரே பல்கலைக்கழகம். 1922இல் தச்சு வேலையும் மெக்கானிக் வேலையும் கற்றுத்தரும் சின்னத் தொழிற்பள்ளியாகத் தொடங்கி, கிழக்கு ஆப்பிரிக்காவில் பேர்போன பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே இங்கே படித்தவர். தமிழில் நாம் வாசித்திருக்கும் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இங்கே படித்தவர்தான். இன்று அங்கே நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பணத்தில் ஓடுகிறது. அந்தப் பணம் எப்படி வருகிறது, வந்த பிறகு அதைக் கட்டி மேய்ப்பது என்ன பாடு என்று பார்ப்போம்.

1980களிலும் 90களிலும் உலக வங்கி ஒரே பல்லவியைப் பாடியது: ஏழை நாடுகள் ஆரம்பக் கல்வியில் போடும் பணத்துக்குத்தான் பலன் அதிகம். அரசுகள் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணம் சுருங்கியது. 1992இல் மகெரெரே கட்டணம் கட்டிப் படிப்பவர்களைச் சேர்க்க ஆரம்பித்தது. சம்பளத்தை அப்படி இப்படிச் சமாளித்தாலும் ஆய்வுக்குக் காசில்லை. அந்த இடத்துக்குத்தான் கொடையாளர்கள் வந்தார்கள். 2000இல் ஸ்வீடன் அரசின் உதவி நிறுவனமான சிடா மகெரெரேயின் ஆய்வுக்கு நிதி தரத் தொடங்கியது. அதே ஆண்டு கார்னகி, ஃபோர்டு, மெக்ஆர்தர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் ஆப்பிரிக்க உயர்கல்விக்காகக் கைகோத்தன. பின்னால் இன்னும் மூன்று சேர்ந்தன. பத்து ஆண்டுகளில் ஒன்பது நாடுகளுக்கு இவை கொடுத்தது சுமார் 44 கோடி டாலர்.

பணத்தில் பல ரகம் உண்டு. ஸ்வீடன் பணம் ஆளை வளர்த்த பணம். மகெரெரேயில் பாடம் நடத்தும் ஒருவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், சில மாதங்கள் ஸ்வீடனில் ஆய்வகத்திலும் வழிகாட்டியிடமும் இருப்பார். மீதிக் காலம் கம்பாலாவில். குடும்பமும் வேலையும் ஊரிலேயே இருந்ததால் திரும்பி வருவது இயல்பாக நடந்தது. முழுப் படிப்புக்கும் வெளிநாடு அனுப்பிய பழைய உதவித்தொகைகளில் திரும்பாமலே போனவர்கள் பலர். கொடையாளர்கள் செய்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

உலக வங்கி 2014இல் தொடங்கிய ஆப்பிரிக்க உயர்சிறப்பு மையங்கள் திட்டம் வேறு ரகம். பலரும் அதை நன்கொடை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அந்தந்த நாட்டு அரசு வாங்கும் சலுகைக் கடன். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தப் படிப்புக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது, வெளியிலிருந்து எவ்வளவு வருமானம் என்றெல்லாம் சரிபார்த்த பிறகே தவணை விடுவிப்பார்கள்.

தனி மனிதர்கள் தரும் நன்கொடைக்கு வரிதான் வழிகாட்டி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த பேட்ரிக் அவுவா 2002இல் கானாவில் தொடங்கிய அஷேசி பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்காவில் தனி அறக்கட்டளை இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கும் அங்கே ஒரு நிதியம் உண்டு. அமெரிக்கர் ஒருவர் தம் நாட்டில் பதிவான அமைப்புக்குக் கொடுத்தால்தான் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியும். நம் ஊரில் 80ஜி ரசீது கேட்கிறோம் இல்லையா, தென்னாப்பிரிக்காவில் அதற்கு 18ஏ என்று பெயர்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இரு துணைவேந்தர்களும் கோப்பு மாற்றிக்கொள்ளும் படம் வெளியாகும். பல புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கு அந்தப் படத்தோடு ஆயுள் முடிந்துவிடும். பணமும் இருக்காது, பொறுப்பாளர் பெயரும் இருக்காது. பணத்தோடு வருகிற ஒப்பந்தத்துக்கோ அன்றுதான் வேலை ஆரம்பம். உகாண்டாவின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது, அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபரில், ஸ்வீடனுடையது ஜனவரியில். ஒரே கணக்காளர் மூன்று முறை கணக்கு முடிக்க வேண்டும், மூன்று விதமான படிவங்களில். டாலரிலும் க்ரோனாவிலும் வருவதை ஷில்லிங்கில் செலவழிக்க வேண்டும். மாற்று விகிதம் சரிந்தால் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். களப்பணிக்குப் போன வண்டியின் பயணப் பதிவேட்டில் ஓட்டுநர் கிலோமீட்டர் எழுத மறந்தால், தணிக்கையில் அந்த டீசல் செலவு தள்ளுபடி ஆகலாம். தினப்படித் தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் அதே கதிதான். தள்ளுபடியான தொகையைப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடையாளருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். கொடையாளருக்கு ஒரு தணிக்கை என்றில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சோதனை போதும் என்ற எண்ணத்தில் 2018இல் ஏஆர்எஸ் 1651 என்ற ஆப்பிரிக்கத் தர விதி வந்தது.

இத்தனை வேலைக்கும் சம்பளம் யார் தருவது? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச் ஒரு லட்சம் டாலர் ஆய்வுச் செலவுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், இணையம், கணக்குப் பிரிவு, கொள்முதல், நெறிமுறைக் குழு ஆகியவற்றுக்கு வெளிநாட்டு நிறுவனம் கூடுதலாகப் பெறுவது 8 சதவீதம், அதாவது 8,000 டாலர். அதே தொகைக்கு 50 சதவீதம், அதற்கு மேலும் கேட்டு வாங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்று 50,000 டாலரில் அலுவலகம் நடத்துகிறது, மற்றொன்று 8,000 டாலரில். அறிக்கை தாமதமானால் இருவருக்கும் ஒரே விதி! ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற பழைய குறையைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த நிர்வாகச் சுமைக்கு ஒரு குறுக்கு வழி, தனி நிறுவனம் தொடங்குவது. மகெரெரேயின் தொற்றுநோய் நிறுவனம் அப்படிப்பட்டது. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனை வளாகத்தில் ஃபைசர் பணத்தில் எழுந்த கட்டடம், 2004இல் திறந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், ஆனால் கணக்கும் கொள்முதலும் தனி. வேலை விரைவாக நடக்கும், கொடையாளருக்கும் நிம்மதி. பக்கத்துத் துறையில் இணையம் விட்டுவிட்டு வருவதை மட்டும் இது மாற்றாது.

ஆய்வுக் கேள்வியை யார் கேட்பது என்பது இன்னும் கசப்பான விவகாரம். மகெரெரே சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக 2010 முதல் இருந்த மஹ்மூத் மம்தானி (நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற ஸோஹ்ரானின் தந்தை) இதைக் கடுமையாகவே சாடினார். எங்கோ எழுதப்பட்ட கேள்விக்குத் தகவல் திரட்டிக் கொடுக்கும் கூலி ஆட்களாக உள்ளூர் அறிஞர்கள் ஆகிவிட்டார்கள் என்பது அவர் வாதம். ஆகவே ஒப்பந்த வரைவைப் பார்க்கும் அதிகாரி தொகைக்கு முன்னால் வேறு சிலவற்றைப் பார்ப்பது நல்லது: ரத்த மாதிரிகள் எந்த நாட்டு உறைபெட்டியில் இருக்கும், தரவு யார் கையில், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. சமமான ஆய்வுக் கூட்டுறவைக் கோரும் ஆப்பிரிக்கச் சாசனம் ஒன்று 2023இல் நமீபியாவின் விண்ட்ஹூக்கில் வெளியிடப்பட்டது.

பார்க்க வேண்டிய இன்னொரு விதி, ஒப்பந்தத்தை யார் எப்போது முறிக்கலாம் என்பது. திட்டம் தங்கள் முன்னுரிமைகளுக்கு இனிப் பொருந்தவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று அமெரிக்க அரசின் மானிய விதிகளில் ஒரு வரி உண்டு. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி உறைந்தது, ஜூலையில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டே மூடப்பட்டது. நடுவே மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் போகும் துணை மானியங்களை என்ஐஹெச் நிறுத்தி வைத்தது. முதலில் செலவழி, பிறகு வாங்கிக்கொள் என்ற முறையில் இயங்கிய திட்டங்களுக்கு அடி பலமாக விழுந்தது. செலவான பணத்துக்கு ரசீது இருக்கும், அதைத் தரவேண்டிய அலுவலகம் இருக்காது.

உகாண்டா அரசு 2019இல் மகெரெரேக்கென்று ஆய்வு, புத்தாக்க நிதி ஒன்றைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000 கோடி ஷில்லிங், ஏறக்குறைய 80 லட்சம் டாலர். வெளிநாட்டுக் கொடைகளோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் இதற்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர் தம் கேள்வியைத் தாமே எழுதலாம், வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரைத் தேடிப் போகவேண்டியதில்லை.