நந்தனாரும் கிந்தனாரும்

செவ்விசையில் நகைச்சுவைக்கு இடமுண்டா என வினவினால், இல்லை என்றே பலரும் விடை பகர்வர். பக்தியும் உருக்கமும் ஆளும் அவையில் சிரிப்பொலி எழுவது கலைக்கு இழுக்கு என்பது அவர்தம் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. நகை பிறக்கும் நிலைக்களன் நான்கினுள் எள்ளலை முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர். அவ்வெள்ளல் இசை மேடையிலும் ஏறியதுண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதாகாலட்சேபமே அதற்குச் சான்று.

ஒன்றைப் போலச்செய்து நகைக்க வேண்டுமாயின், மூலத்தை அவையோர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் 19ஆம் நூற்றாண்டில் தோன்றித் தமிழகமெங்கும் பரவியவை. பாகவதர் கையில் சிப்ளாக் கட்டையுடன் நின்று, வசனமும் பாட்டுமாய்க் கதை நடத்துவார். மிருதங்கமும் பின்பாட்டும் துணைநிற்கும். 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' படம் அக்கதையை இசைப்பயிற்சி இல்லாதோரிடமும் கொண்டு சேர்த்தது.

1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் பாகவதராகத் தோன்றினார். படத்திற்கு உரையாடல் தீட்டியவர் அறிஞர் அண்ணா. கிந்தனாரை யாத்தவர் உடுமலை நாராயணகவி. நந்தன் தில்லைக்குச் செல்ல ஏங்கினான். கிந்தனோ படிப்புக்கு ஏங்குகிறான். அங்கே தில்லையம்பலம், இங்கே சென்னைப் பட்டணம், அதுவும் ரயிலேறி!

சிரிப்பு எங்கே பிறக்கிறது? எடுத்த பொருள் மாறுகிறது. எடுத்துரைக்கும் முறை மாறவில்லை. இறைவனைக் காணத் துடிக்கும் அடியவர்க்கு உரிய அதே உருக்கத்துடன், ரயிலேறிப் படிக்கப் போகும் சிறுவனைப் பாடும்போது, செவி ஒன்றை எதிர்பார்க்க, சொல் வேறொன்றைத் தருகிறது. நந்தன் நந்தனார் ஆனதுபோல் கிந்தனும் கிந்தனார் ஆகிவிடுகிறான். அந்த 'ஆர்' விகுதியிலேயே பாதி நகைச்சுவை முடிந்துவிடுகிறது எனலாம். இதற்குச் சுருதியும் தாளமும் பிசகாத பாட்டு வேண்டும். பாடத் தெரியாதவர் பாடகரைப் போலச்செய்தால் இரக்கமே மிஞ்சும். கலைவாணரோ நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்.

இக்கதை நந்தனாரை இழிவு செய்கிறது எனக் கொள்வாரும் இருக்கலாம். அது பொருந்தாது. நந்தனை ஒடுக்கும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. அவர் பாரதியாரின் படைப்பு. ஆயினும் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தன் உட்செல்ல முடிந்தது என்பதில் சேக்கிழாரும் பாரதியாரும் ஒன்றுபடுகின்றனர். கிந்தனுக்குத் தீ வேண்டியதாயில்லை. படித்து, கல்வி அதிகாரியாகவே ஊர் திரும்புகிறான். இங்கு எள்ளப்படுவது நந்தனின் அன்பு அன்று. அவ்வன்புக்கு நெருப்பை விலையாகக் கேட்ட வழக்கம்.

மாணவர்கள் பாரதியாரின் கீர்த்தனைகளை முதலில் கேட்டுவிட்டுப் பின்னரே கிந்தனாரைக் கேட்பது நன்று. வரிசை மாறினால் சுவை பாதியாகும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் பலர். அவர்கட்குக் கிந்தன் புதியவன் அல்லன்.