பருவமுடிவிற் பனிமலைப் பயணம்

விளையாட்டுக்களுட் பல, ஆடுகளமும் ஆடுவோரும் இருப்பின் எக்காலத்தும் நிகழத்தக்கன. வெண்பனிமேற் சறுக்கி ஓடும் விளையாட்டோ அத்தகையதன்று. பனி விழுங்கால் தொடங்கிப் பனி உருகுங்கால் முடிவது அது. மலைச்சரிவிற் கீழ்நோக்கிப் பாய்வதே சறுக்கு விளையாட்டு என்று, வெண்பனி காணாத நாட்டினராகிய நம்மிற் பலர் கருதியிருத்தல் கூடும். அதனின் வேறாய், காடும் மேடும் கடந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் தன் கைகால்களின் வலிமையையே துணையாகக் கொண்டு, 50 கிலோமீற்றரும் 90 கிலோமீற்றரும் ஓடும் நெடுந்தொலைச் சறுக்கோட்டம் ஒன்றுண்டு. அதிற் பயின்றோர் பருவத்தின் இறுதியிற் பிறநாடு சென்று ஓடிவரும் வழக்கம் உடையர். அவ்வழக்கின் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

வட அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஓட்டவீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அம்மாநிலத்தில் ஹேவேட், கேபிள் என்னும் ஊர்களுக்கிடையே பெப்ரவரி மாத இறுதியில் ஒரு பேரோட்டம் நிகழ்கின்றது. 1973இல் ரோனி வைஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். அதன் பெயர் அமெரிக்க பேர்க்கபைனர். அது முடிந்ததும் அவ்வீரனது நாட்டிற் பனி மெலியத் தொடங்கும். நோர்வே நாட்டு மலைகளிலோ மார்ச்சு மாதத்திலும் பனி ஆழ்ந்து கிடக்கும். ஆதலின் பல திங்களாக ஈட்டிய உடல்வலிமையைப் பயன்படுத்த விரும்புவோன் அந்நாட்டை நாடுதல் இயல்பே. 1978இல் நிறுவப்பெற்ற வேர்ல்ட்லொப்பெட் என்னும் கூட்டமைப்பும் இதற்குத் தூண்டுகோலாயிற்று. அதனைச் சேர்ந்த பத்து வேறு ஓட்டங்களை, அவற்றுள் ஒன்றேனும் வேறு கண்டத்ததாக, ஓடி முடிப்போர்க்கு அது சிறப்புப் பட்டம் வழங்கும். கடவுச்சீட்டுப் போன்ற சிறு நூலொன்றில் ஓட்டந்தோறும் முத்திரை இடப்படும்.

எனினும் இவையே முழுக் காரணங்களல்ல. தன் ஊர் ஓட்டம் எந்நாட்டிலிருந்து பெயர் பெற்றதோ, அந்நாட்டு மூல ஓட்டத்தை ஓட வேண்டுமென்னும் வேட்கையே அவனைக் கடல் கடக்கச் செய்கின்றது. அதன் வரலாறு வருமாறு.

நோர்வேயில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்தில், ஒரு கட்சியினர் வறுமையாற் பேர்ச்சு மரத்தின் பட்டையைக் காலிற் சுற்றி நடந்தனர். அதனாற் பேர்க்கபைனர் எனப்பட்டனர். 1206இல் அக்கட்சியின் அரசமரபிற்கு உரியவனான ஹோக்கன் என்னும் குழந்தைக்குப் பகைவரால் உயிராபத்து நேர்ந்தது. சறுக்கோட்டத்தில் வல்ல வீரர் இருவர், கடும்பனிக்காலத்தில் அக்குழந்தையைத் தாங்கி, லில்லஹம்மர்ப் புறத்திலிருந்து மலைகளைக் கடந்து கிழக்குப் பள்ளத்தாக்கிற் சேர்த்தனர். அக்குழந்தையே 1217 முதல் 1263 வரை நோர்வேயை ஆண்ட மன்னன். அந்நிகழ்ச்சியின் நினைவாக 1932இல் தொடங்கிய ஓட்டம், ரேனா என்னும் ஊரிலிருந்து லில்லஹம்மர்வரை 54 கிலோமீற்றர் செல்கின்றது. ஓடுவோர் ஒவ்வொருவரும் மூன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள முதுகுப்பை சுமத்தல் வேண்டும். அது குழந்தையின் அடையாளம். பையின் நிறை வழியிற் குறைதலாகாது. குறைந்தோரின் ஓட்டம் ஏற்கப்படாது. மலைமுகட்டிற் புயல் எழுந்தால் மாற்றுடையாக அணியத்தக்கனவற்றை அதனுள் வைத்தல் அறிவுடைமை. இவ்வாறு நினைவுச் சின்னமே உயிர்காக்கும் கருவியும் ஆகின்றது.

அண்டை நாடாகிய சுவீடனிலும் இத்தகைய ஓட்டமொன்றுண்டு. மார்ச்சு மாதத்து முதல் ஞாயிறன்று சேலனிலிருந்து மோராவரை 90 கிலோமீற்றர் ஓடும் வாசலொப்பெட் அது. தென்மார்க்கு அரசனை எதிர்க்குமாறு குஸ்தாவ் வாசா மோரா மக்களை வேண்ட, அவர்கள் முதலில் இசையவில்லை. அவன் நோர்வேயை நோக்கிச் சென்றான். பின்பு மனம் மாறிய மக்கள் சறுக்கோட்டக்காரர் இருவரை அனுப்பிச் சேலனில் அவனை அடைந்து மீட்டு வந்தனர் என்பர். 1523இல் அவன் சுவீடனின் மன்னனானான். 1922இல் நடந்த முதலோட்டத்தில் வென்ற ஏர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 செக்கன் எடுத்தார். 2021இல் நோர்வே வீரர் ரூட் ஆஸ்லே யெர்டாலன் 3 மணி 28 நிமிடம் 18 செக்கனில் முடித்தார். இவ்வேறுபாட்டிற்குச் செப்பனிட்ட வழியும் இலேசான பலகைகளும் மட்டுமன்றி, ஓடும் முறையும் காரணமாகும்.

அம்முறையைச் சிறிது விளக்குவோம். தொன்முறை ஓட்டத்திற் பலகையின் முன்னும் பின்னும் வழுக்கும் மெழுகும், பாதத்தின் கீழ் பனியைப் பற்றும் மெழுகும் பூசுவர். உதைக்கும்போது பலகை பற்றவும், உதைத்தபின் வழுக்கவும் வேண்டும். இக்கால முன்னணி வீரர் பலர் பற்றும் மெழுகையே நீக்கி, இரு ஊன்றுகோல்களாலும் தள்ளியே முழுத்தொலைவும் செல்வர். அதற்கு மிக்க தோள்வலிமை வேண்டும். மற்றையோர்க்கோ மெழுகே பெருஞ்சிக்கல். பருவமுடிவிற் பகல் வெயிலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து கற்கண்டுபோலாகும். அதற்குப் பசைபோன்ற கிளிஸ்ரர் என்னும் பூச்சு வேண்டும். மலைமேலோ புதுப்பனி கிடக்கலாம். அதில் அப்பசை பனியைத் திரட்டிப் பலகையிற் கட்டியாக ஒட்டவைக்கும். காலையிற் செய்யும் இத்தெரிவு தவறின், பல திங்களின் பயிற்சி முதல் ஏற்றத்திலேயே வீணாதல் கூடும். அன்றியும், ஆறேழு மணி நேர வேறுபாடுள்ள நாட்டிற் புதிதாய் வந்திறங்கியவன் உறக்கங் கெட்டிருப்பான். ஆதலிற் சில நாள் முன்பே சென்று தங்குவதும், கடும்பயிற்சியைக் குறைப்பதும் நன்று.

ஆயிரக்கணக்கானோர் ஓடும் இவ்வோட்டத்தில் வெற்றி யாது? நோர்வேயர் இதற்கு அழகியதொரு விடை கண்டனர். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதல் ஐவரின் சராசரி நேரத்தோடு நூற்றுக்கு 25 பங்கு கூட்டி ஓர் எல்லை வகுப்பர். சராசரி 4 மணியாயின் எல்லை 5 மணி. அதற்குள் முடித்தோர் அனைவர்க்கும் பதக்கச்சின்னம் உண்டு. ஒருவன் பெறுவதால் மற்றொருவன் இழப்பதில்லை. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்வோட்டம் 1976இற் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. வாசலொப்பெட் 1981இல் அவர்களை மீண்டும் ஏற்றது.

இத்தனை ஆயத்தத்தையும் வானம் ஒருநாளில் அழித்துவிடலும் உண்டு. பனியின்மையால் 1932, 1934, 1990 ஆகிய ஆண்டுகளில் வாசலொப்பெட் நடைபெறவில்லை. அமெரிக்க பேர்க்கபைனர் 2017இற் கைவிடப்பட்டது. 2024இல் இயந்திரத்தால் ஆக்கிய பனியில், 10 கிலோமீற்றர்ச் சுற்றுவழியிற் குறுக்கி நடத்தப்பட்டது. உலகம் வெம்மையுறுதலால் இவ்விளையாட்டின் பருவமே சுருங்கி வருகின்றது. பனி மறையின், மறைவது விளையாட்டு மட்டுமன்று.

ஏனெனில் இவ்வோட்டங்கள் ஒரு நாட்டார் தம் வரலாற்றைப் பேணும் வழிகளாம். ஏட்டில் எழுதியதைப் படித்து மறப்பார் உளர். குழந்தையின் சுமையைத் தோளில் ஏற்றி மலை கடந்தவன் அவ்வரலாற்றை மறவான். அயல்நாட்டானும் ஒருநாள் அச்சுமையைத் தாங்கி ஓடும்போது, அந்நினைவில் அவனுக்கும் பங்குண்டு. பதக்கம் பெறினும் பெறாதொழியினும், பருவமுடிவிற் கடல் கடந்து சென்றவன் கொண்டு மீளும் பேறு அதுவேயாம்.