புகை இல்லைன்னு நம்பாதீங்க... தணலும் ஆளை கொல்லும்!

ஊட்டி:

உறைபனி கொட்டும் டிசம்பர், ஜனவரியில் விறகு அடுப்பு தணலை இரும்பு சட்டியில் அள்ளி, படுக்கும் அறையில் வைத்து, கதவு, ஜன்னலை சாத்திக்கொள்வோர் நீலகிரியில் உண்டு. 'புகைதான் அடங்கிடுச்சே, இனி என்ன பயம்?' என்ற நினைப்புதான் வினை.

தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு கண்ணுக்கு தெரியாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. தூங்குறவங்களுக்கு இதுவும் தெரியாது. உயிர் அப்படியே போய்விடும்.

அடுப்பு சமையல்கட்டிலேயே இருக்கட்டும். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகணும். அதில் கரி அடைத்தால் வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும் என்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். காயட்டும் என்று அடுப்பை ஒட்டி விறகு அடுக்குவதும் ஆபத்து. படுக்கும் முன் தணலை வெளியே கொட்டி, தண்ணீர் ஊற்றி அணைக்கணும்.

யாராவது மயங்கினால் கதவை திறந்து, வெளியே தூக்கி வந்து, 108-க்கு போன் செய்ய வேண்டும்.