பணிதலும் பணித்தலும்: சீனமொழியின் 'ச்சியென்' எழுத்து குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் இரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்களைக் கடந்து செகிஞ்சான் நெல்வயல்களை அடைவர். தோட்டங்களில் தமிழரும் செகிஞ்சானில் சீன உழவரும் நெடுங்காலம் அண்டை வாழ்ந்துள்ளனர். இவ்விரு மக்களும் போற்றும் பண்புகளுள் ஒன்று பணிவு. சீனமொழியில் அதனைக் குறிக்கும் 'ச்சியென்' எழுத்தின் பொருளையும் வரலாற்றையும் விளக்கி, நம் சொல்லோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தின் அமைப்பு

இவ்வெழுத்தின் இடப்பக்கத்தில் 'பேச்சு' என்னும் பொருளுறுப்பு உள்ளது. வலப்பக்கத்தில் இரண்டு கதிர்த்தாள்களை ஒரு கை சேர்த்துப் பிடிக்கும் வடிவம் உள்ளது. மரபு வடிவில் 17 கோடுகளும், மலேசியச் சீனப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் எளிய வடிவில் 12 கோடுகளும் அமைந்துள்ளன. கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த அகராதி, இதற்கு 'மதித்தல்' எனப் பொருள் கூறி, கதிர் வடிவத்தை ஒலியுறுப்பாகவே வகுக்கிறது. முற்றிய கதிர் தலைசாய்வதை நாளும் காணும் நமக்கு, அதுவே இவ்வெழுத்தின் பொருள் எனக் கூறத் தோன்றும். அவ்விளக்கம் நயமுடையதாயினும் எழுத்தின் வரலாறு ஆகாது. பேச்சே இதன் பொருளுறுப்பு என்பதை நாம் மறத்தலாகாது. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரமும் நாவைக் காத்தலை வலியுறுத்துதல் ஒப்புநோக்கத்தக்கது.

மலையும் நிலமும்

'யிச்சிங்' என்னும் தொன்னூலின் 64 குறிகளுள் 15ஆவது 'ச்சியென்' ஆகும். மேலே நிலமும் கீழே மலையும் அமைந்தது அக்குறி. உயர்ந்தது தன்னைத் தாழ்த்திக்கொள்வதே இங்குப் பணிவு. மிகுதியாக உள்ளதைக் குறைத்து, குறைவாக உள்ளதற்குச் சேர்த்துச் சமன்செய்வது சான்றோர் கடன் என அதன் உரைப்பகுதி கூறுகிறது. எனவே, பணிவு என்பது நடுவுநிலையோடும் தொடர்புடையதாகிறது. பணிவைப் பெருமையின் இயல்பாகக் கூறும் திருக்குறளின் பெருமை அதிகாரமும் இக்கருத்துக்கு அணித்தாகவே நிற்கிறது.

தமிழ்ச் சொல்லும் தோட்ட வரலாறும்

தமிழில் 'பணிந்தான்' என்பது தன்வினை. தானே தாழ்ந்தான் என்பது பொருள். 'பணித்தான்' என்பது பிறரைத் தாழச் செய்தலையும் கட்டளையிடுதலையும் குறிக்கும். தந்நகரத்தின் இடத்தில் தகரம் இரட்டித்ததும் பணிவு ஆணையாகிவிடுகிறது.

இவ்வேறுபாட்டைச் சிலாங்கூர்த் தோட்ட மக்கள் வாழ்வில் உணர்ந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வு மட்டும் கோரப்படவில்லை. துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாகும். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவர்கள் மறுத்தது பணிவை அன்று, பணிக்கப்படுதலையே ஆகும்.

முடிவுரை

உயர்ந்தோர் தாமே தாழ்வதையே 'ச்சியென்' குறி காட்டுகிறது. தோட்டத்திலோ தாழ்ந்த நிலையில் இருந்தோரிடமே அது கேட்டுப் பெறப்பட்டது. அம்மக்களின் வழித்தோன்றல்களுக்கு வகுப்பறையில் பணிவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் இன்றியமையாதது. அதற்கு முதற்படியாக, மாணவரிடம் ஆசிரியர் பேசும் பேச்சிலேயே பணிவு அமைதல் வேண்டும் என்பது எமது துணிபு.